பழவேற்காட்டில் கடற்காகம் பார்க்க: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

பழவேற்காடு ஏரிக்குப் பறவை பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பூநாரைக்காகத்தான் வருகிறார்கள். வரட்டும், அழகான பறவைதான். ஆனால் அது நடு ஏரியில் நல்ல தூரம் தள்ளி வரிசையாக நின்றுகொண்டிருக்கும். பார்ப்போம், போட்டோ எடுப்போம், பத்து நிமிடத்துக்கு மேல் என்ன செய்வதென்று புதியவருக்குத் தெரியாது. பறவை பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் கைகாட்டுவது வேறு ஒன்றை. மீன் இறங்கும் கரையில், வலை உதறும் இடத்தில், தலைக்கு மேலே ஒன்றையொன்று துரத்திக் கத்திக்கொண்டு சுற்றுமே, பழுப்புத்தலைக் கடற்காகம் (ஆங்கிலத்தில் Brown-headed Gull), அதைத்தான்.

ஆளைக் கண்டு அவ்வளவாகப் பயப்படாது, கிட்டத்தில் பார்க்கலாம். ஒரே கூட்டத்தில் குஞ்சுப் பருவம் தாண்டியதும் இருக்கும், முழுதாக வளர்ந்ததும் இருக்கும். இங்கே தங்கும் ஆறேழு மாதத்துக்குள் தலை நிறமே மாறிவிடும், அதைக் கண்ணெதிரே பார்க்கலாம். இதையெல்லாம் விட முக்கியமானது, எப்போது எங்கே இருக்கும் என்று மீன்பிடித் தொழிலை வைத்தே சொல்லிவிட முடியும். இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போவதும் இதுதான்: பைனாகுலர் வாங்குவதற்கு முன்னால் படகு எத்தனை மணிக்குக் கரைக்கு வருகிறது என்று விசாரியுங்கள்.

யார் இந்தப் பறவை

கடற்காகம் என்றதும் கடலிலேயே பிறந்து வளர்கிற பறவை என்று நினைத்துவிடுவோம். இது முட்டையிடுவது கடலே இல்லாத ஊரில். பாமீர் மலைப் பகுதி, திபெத் பீடபூமி, நம் நாட்டில் லடாக், அந்தப் பக்கம் சீனாவின் உள் மங்கோலியா வரை, உயரமான இடத்து ஏரிகளின் சதுப்புக் கரையில் கூட்டம் கூட்டமாகத் தரையில் கூடு கட்டும். லடாக்கின் சோ மோரிரி ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கெல்லாம் இதற்குக் கூடு உண்டு. வழக்கமாக இரண்டு மூன்று முட்டை. குளிர்காலத்தில் அந்த ஏரிகள் உறைந்துவிடும் என்பதால் இமயமலையைத் தாண்டித் தெற்கே இறங்கி, ஆற்றங்கரை, உள்நாட்டு ஏரி, கடற்கரை என்று இந்தியா முழுக்கப் பரவிவிடுகிறது. அப்படி வந்து தங்கும் இடங்களில் ஒன்றுதான் நம் பழவேற்காடு.

ஏரியைப் பற்றியும் இரண்டு வரி. இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் (2022-இல் மாவட்டங்களைப் பிரித்ததிலிருந்து தடா, சூளூர்ப்பேட்டை எல்லாம் திருப்பதி மாவட்டம்), தெற்கு முனை மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் நீளமாகக் கிடப்பது ஸ்ரீஹரிகோட்டா தீவு. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன, முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிறது. பறவைக்கு மாநில எல்லை ஏது. காலையில் தமிழ்நாட்டுக் கரையில் பார்த்த கூட்டம் மதியம் தடா பக்கம் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எந்த மாதம்

செப்டம்பர் கடைசி, அக்டோபரில் முதல் கூட்டங்கள் தெரிய ஆரம்பிக்கும். ஏப்ரலில் கிளம்பிவிடும், சில மே வரைக்கும் தங்கும். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் அக்டோபர், நவம்பரில் வந்து அலைய வேண்டாம். வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம், படகு போகாத நாட்கள், சேறு. மழை ஓய்ந்து, ஏரி நிரம்பி, தண்ணீர் மெல்ல இறங்கத் தொடங்கும் டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். பொங்கலை ஒட்டி வந்தால் வெயிலும் தாங்கும்.

அதற்கப்புறம் மார்ச் பாதிக்கு மேல் கட்டாயம் இன்னொரு முறை வாருங்கள். ஜனவரியில் வெள்ளைத் தலையோடு பார்த்த அதே பறவை இப்போது காப்பிப் பொடி நிறத்தில் முகமூடி போட்டதுபோல் இருக்கும். பெயரில் பழுப்புத்தலை என்று இருக்கிறதே, தலை வெள்ளையாக அல்லவா இருக்கிறது என்று குழம்புகிறவர்கள் எல்லாரும் ஜனவரியோடு நிறுத்திக்கொண்டவர்கள்தான். அந்தப் பழுப்பு இனப்பெருக்க காலத்துக்கு உரியது, கூடு கட்டும் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் இங்கேயே முளைத்துவிடும். சிலதுக்குத் தலை பாதி பழுப்பு, பாதி வெள்ளையாகத் திட்டுத் திட்டாக இருக்கும், அது நோய் இல்லை, இறகு மாறிக்கொண்டிருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதற்குள் இவை பெரும்பாலும் கிளம்பிவிடுகின்றன.

எப்படி வருவது, எங்கே நிற்பது

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு வழி. இரண்டுக்கும் ஒரே ரயில் பாதைதான், சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி, சூளூர்ப்பேட்டை பக்கம் போகும் புறநகர் ரயில்.

முதல் வழி, பொன்னேரியில் இறங்கிப் பேருந்திலோ ஆட்டோவிலோ பழவேற்காடு. புதியவர் முதலில் வர வேண்டியது இங்கேதான். ஊருக்குள் டச்சுக்காரர் கல்லறையைத் தாண்டி, மீன் இறங்கும் கரைக்கு நேராகப் போய்விடுங்கள். கல்லறையை வெயில் ஏறினபிறகு சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் பறந்துபோகாது. கரையில் நின்றால் ஏரிக்குள் நட்டிருக்கும் மூங்கில் கழிகள் தெரியும், ஒவ்வொரு கழி மேலும் ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். கடற்காகம், ஆலா, நீர்க்காகம், செம்பருந்து எல்லாம் கழிக்குப் போட்டி போடும். அங்கிருந்து பாலத்தில் ஏறி லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போனால் கடல் மணல். முகத்துவாரம் அந்தப் பக்கம்தான். மணல் தூர்ந்து முகத்துவாரம் அடைத்துக்கொள்வது இங்கே மீனவர்களின் தீராத தலைவலி, அதனால் போன வருஷம் பார்த்த மணல்திட்டு இந்த வருஷம் அதே இடத்தில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், ஊரில் கேட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டாவது வழி, சூளூர்ப்பேட்டையில் இறங்கி ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை. ஏரியை நடுவில் கிழித்துக்கொண்டு போகிற சாலை அது, இரண்டு பக்கமும் தண்ணீர். வழியில் அட்டகானித்திப்பா என்ற இடத்தில் ஆந்திர வனத்துறையின் மையம் ஒன்று இருக்கிறது, அங்கே நிறுத்திப் பார்க்கலாம். பூநாரை, கூழைக்கடா, வாத்து வகைகள் என்று எல்லாம் சேர்த்துப் பார்க்க இந்தச் சாலைதான் சரி, ஆனால் கடற்காகத்தை நெருக்கமாகப் பார்ப்பதற்குப் பழவேற்காட்டுக் கரைதான். சாலையின் கடைசியில் ராக்கெட் ஏவுதளத்தின் சோதனைச்சாவடி, அதற்கு மேல் அனுமதி இல்லாமல் போக முடியாது. ராக்கெட் ஏவும் நாட்களில் இந்தப் பக்கம் கெடுபிடி அதிகம், கடலுக்குப் போகக் கூடாது என்று மீனவர்களுக்கும் கட்டுப்பாடு இருக்கும். படகு போகாத நாளில் கரையில் கூட்டமாகக் கடற்காகத்தை எதிர்பார்க்காதீர்கள். ஏவும் தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள், பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

பாஷையைப் பற்றிக் கவலை வேண்டாம். தடாவிலும் சூளூர்ப்பேட்டையிலும் பலகை தெலுங்கில் இருக்கும், டீக்கடையில் தமிழிலேயே பேசலாம். ஆரம்பாக்கம் தாண்டினால் ஒரே வாக்கியத்தில் இரண்டு பாஷையும் வந்துபோகும், யாரும் ஒன்றும் நினைத்துக்கொள்வதில்லை.

மணி கேளுங்கள்

கரைக்கு வந்ததும் பைனாகுலரைத் தூக்காதீர்கள். வலை பிரித்துக்கொண்டிருக்கும் யாரிடமாவது போய், "அண்ணே, படகு எப்போ திரும்பும்? வலை எங்க உதறுவீங்க?" என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்குப் பதில் கிடைத்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. கடற்காகம் மீன், இறால், நண்டுக்குஞ்சு, பூச்சி, புழு, குடல், கழிவு எதையும் விடாது. சொந்தமாக மீன் பிடிக்கத் தெரியும், ஆனால் வலையிலிருந்து விழுகிற பொடிமீன் சும்மா கிடைக்கும்போது எதற்கு மெனக்கெட வேண்டும். படகு வருவதற்கு முன்னால் கழிகளிலும் மணல்திட்டிலும் சோம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், படகு தலைகாட்டியதும் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும். படகுக்கு முன்னால் அரைமணி நேரம் அங்கே இருப்பதுதான் சூத்திரம்: உட்கார்ந்திருக்கும்போது அடையாளம் பார்க்கலாம், பறக்கும்போது இறக்கை பார்க்கலாம், இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

அவர்கள் வேலையில் குறுக்கே நிற்காதீர்கள். ஏலம் நடக்கும்போது நடுவில் போய் கேமரா முக்காலியை விரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், திட்டு வாங்கினால் அது நியாயமான திட்டு. போட்டோவில் ஆட்கள் விழுகிறார்கள் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். முடிந்தால் போகும்போது கொஞ்சம் இறாலோ மடவையோ வாங்கிக்கொண்டு போங்கள்.

வெயிலும் காற்றும்

இந்த இரண்டையும் யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் இங்கேதான் எல்லாரும் திணறுகிறார்கள். வெயில் உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள். வெள்ளைப் பறவையை வெயிலுக்கு எதிராகப் பார்த்தால் வெறும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும், அலகு என்ன நிறம், கால் என்ன நிறம் எதுவும் தெரியாது. காலையில் கடல் பக்கம் நின்று ஏரியைப் பாருங்கள், மாலையில் ஏரிக்கரையில் நின்று கடல் பக்கம் பாருங்கள். சூளூர்ப்பேட்டைச் சாலையில் இன்னும் சுலபம். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்தே போகும், சாலையோ மேற்கிலிருந்து கிழக்கே போகிறது, அதனால் சாலையின் வடபக்கத்துத் தண்ணீரைப் பார்த்தால் பெரும்பாலான நேரம் வெளிச்சம் உங்களுக்குச் சாதகம்.

காற்று விஷயம் என்னவென்றால், கூட்டமாக உட்கார்ந்திருக்கும் கடற்காகங்கள் எல்லாம் காற்று வரும் திசையைப் பார்த்தபடிதான் உட்காரும். காற்று பின்பக்கமாக அடித்தால் இறகு கலைந்துவிடும். எழும்பிப் பறப்பதும் காற்றுக்கு எதிராகத்தான். ஆகவே வாடைக்காற்று அடிக்கிற தை மாதக் காலையில், கூட்டத்துக்கு வடகிழக்கே நிற்க இடம் கிடைத்தால், அத்தனை முகமும் உங்களைப் பார்த்தபடி இருக்கும், கிளம்பும்போதும் உங்கள் பக்கமாகத்தான் வரும். தப்பான பக்கம் நின்றால் வாலைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கொண்டுவர வேண்டியவை

8x42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) அல்லது அதை ஒட்டிய பைனாகுலர் போதும். இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது, முதல் மாதமே காசைக் கொட்டாதீர்கள். மீன் இறங்கும் கரையில் வெறும் கண்ணுக்கே நிறையத் தெரியும். தொப்பி, தண்ணீர், ஒரு சின்ன நோட்டு, பென்சில் (பேனா மை உப்புக்காற்றிலும் ஈரத்திலும் மக்கர் பண்ணும்). காலுக்குப் பழைய செருப்பு. ஏரி ஓரம் காய்ந்த மாதிரி தெரிகிற இடத்தில் முழங்கால் வரை உள்ளே இழுக்கும் உளைச்சேறு இருக்கும், பறவைக்குக் கிட்டே போகலாம் என்று அதில் இறங்க வேண்டாம்.

அடையாளம்: எந்த வரிசையில் பார்ப்பது

புதியவர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க முயல்வார்கள், கடைசியில் ஒன்றும் மனதில் நிற்காது. நான் சொல்லும் வரிசையில் பாருங்கள்.

முதலில் அளவு. ஊர்க்காகத்தைவிடக் கொஞ்சம்தான் நீளம், 42 சென்டிமீட்டர் போல. ஆனால் இறக்கையை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் போகும். கரையில் எப்படியும் காகம் இருக்கும், பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

அடுத்து கண்ணுக்குப் பின்னால் காதோரம். குளிர்காலத்தில் வெள்ளைத் தலையில் அந்த இடத்தில் மட்டும் மை வைத்த மாதிரி ஒரு கரும்பொட்டு. அப்புறம் அலகும் காலும் சிவப்பு, அலகு நுனி கறுப்பு. முதுகு வெளிர்சாம்பல். கிட்டத்தில் இருந்தால் கண்ணைப் பாருங்கள், வளர்ந்த பறவைக்கு விழி வெளிறிய நிறம்.

எல்லாவற்றையும்விட உறுதியான அடையாளம் இறக்கை நுனி. பறக்கும்போது நுனி நன்றாகக் கறுப்பாக இருக்கும், அந்தக் கறுப்புக்குள் வெள்ளைப் பொட்டு. இதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். இதனோடு குழம்பக்கூடியது கருந்தலைக் கடற்காகம். அது கொஞ்சம் சின்னது, விழி கறுப்பு, இறக்கையின் முன்விளிம்பு நீளமாக வெள்ளையாக இருக்கும், வெள்ளைப் பொட்டு கிடையாது. இந்தப் பக்கம் அதை அரிதாகத்தான் பார்க்கலாம், அதனால் ஆரம்பத்திலேயே அதைத் தேடித் தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இளசுகள் கொஞ்சம் ஏமாற்றும். முதல் குளிர்காலத்தில் வருகிற பறவைக்கு இறக்கையில் பழுப்புக் கறை இருக்கும், வால் நுனியில் கறுப்புப் பட்டை, அலகு சிவப்பாக இல்லாமல் ஆரஞ்சும் மஞ்சளுமாக, இறக்கை நுனியில் அந்த வெள்ளைப் பொட்டும் இருக்காது. வேறு இனம் என்று எழுதிவிடாதீர்கள், அது இந்த வருஷம் மலை ஏரியில் பொரிந்து முதல் முறையாகக் கடலைப் பார்க்கிற பறவை. ஒரு கூட்டத்தில் வளர்ந்தது எத்தனை, இளசு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இனப்பெயர் சொல்வதைவிட இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

கூட இருக்கும் மற்றவர்கள்

கூட்டத்தில் ஒன்று மட்டும் மற்றதைவிட ரொம்பப் பெரிதாக, அலகு மஞ்சளாக, நுனியில் கறுப்பும் சிவப்புமாகத் தெரிந்தால் அது பெரிய கருந்தலைக் கடற்காகம். முதுகு கரும்சாம்பலாகவும் கால் மஞ்சளாகவும் இருக்கும் இன்னொரு பெரிய கடற்காகம் ரஷ்யாவின் வடகோடித் துந்திரத்திலிருந்து வருகிறது. இரண்டும் தனித்தனியாகத்தான் கண்ணில் படும்.

ஆலாக்கள்தான் புதியவரை அலைக்கழிக்கும். வெள்ளையாக, ஒல்லியாக, கூர் இறக்கையோடு பறப்பதெல்லாம் ஆலா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள், கடற்காகத்தின் கனமும் அகல இறக்கையும் ஆலாவுக்குக் கிடையாது. பிறகு எப்படி இரை எடுக்கிறது என்று பாருங்கள், நிறத்தைவிட இது சுலபம். உயரத்திலிருந்து தலைகீழாகத் தண்ணீருக்குள் பாய்வது கொண்டை ஆலாக்கள். பெரியதுக்கு அலகு மஞ்சள், சிறியதுக்கு ஆரஞ்சு. தண்ணீருக்குள் பாயாமல் மேலாகத் தாழ்ந்து வந்து அலகை மட்டும் நனைத்து எடுத்துக்கொண்டு போவது மீசை ஆலா, ஏரியின் உள்பக்கத்தில் இதைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். பருத்த கறுப்பு அலகோடு சேற்றுக்கு மேலே தாழப் பறந்து நண்டையும் பூச்சியையும் கொத்துவது பருத்த அலகு ஆலா. கேரட் மாதிரி பெரிய சிவப்பு அலகோடு ஒன்று வந்தால் அது காஸ்பியன் ஆலா, உலகத்து ஆலாக்களிலேயே பெரியது அதுதான்.

முகத்துவாரத்து மணல்திட்டில் ஆலாக்கள் உட்காருவது தண்ணீர் வற்றும் நேரத்தில். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் கூடுதலாக இருக்கும், அந்த நாட்களில் திட்டு நன்றாக வெளியே தெரியும்.

உட்கார்ந்து பார்த்தால் தெரிபவை

பெயர் சொல்லத் தெரிந்துவிட்டது, சரி, அடுத்து? இங்கேதான் பலர் கிளம்பிவிடுகிறார்கள். ஒரே ஒரு பறவையைத் தேர்ந்தெடுத்துப் பதினைந்து நிமிடம் அதை மட்டும் பாருங்கள்.

திருட்டு கண்ணில் படும். ஆலா ஒன்று மீனோடு மேலே எழும்பியதும் கடற்காகம் துரத்தத் தொடங்கும், மீன் கீழே விழுகிற வரை விடாது. தங்களுக்குள்ளும் இதே கதைதான், ஒன்று வாயில் கவ்வியதும் நான்கு பின்னால் ஓடும். செம்பருந்து வந்தால் மட்டும் கொஞ்சம் ஒதுங்கும்.

அலகு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுவதும், பறவை தலையைச் சட்டென்று உதறுவதும் தெரியும். கடற்காகத்துக்குக் கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பி இருக்கிறது. உடம்பில் சேரும் அதிகப்படி உப்பை அந்தச் சுரப்பி பிரித்து மூக்குத் துளை வழியாக வெளியே தள்ளுகிறது, அது அலகு வழியாக ஒழுகும். உப்புத் தண்ணீரைக் குடித்தே சமாளிக்க முடிவது இதனால்தான். மழை முடிந்த டிசம்பரில் ஏரித்தண்ணீரில் உப்பு குறைவு, கோடையை நெருங்க நெருங்க ஏறும்.

மதிய வெயிலில் ஒன்றும் நடக்காது. போய்ச் சாப்பிட்டுவிட்டு மூன்றரை, நான்குக்கு வாருங்கள். மாலையில் கூட்டம் கூட்டமாக இராத் தங்கும் இடத்துக்குக் கிளம்பும். எந்தத் திசையில் போகிறது என்று மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணுவது, எழுதுவது

பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முயன்றால் பாதியில் எல்லாம் எழும்பிவிடும். முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவால் மீதிக் கூட்டத்தை அளந்து போங்கள். பழகினால் பத்துக்குப் பதில் ஐம்பது. எண்ணிக்கையோடு தேதி, மணி, இடம், காற்றின் திசை, படகு வந்ததா இல்லையா என்பதையும் எழுதுங்கள். கடைசி ஒன்றை யாரும் எழுதுவதில்லை, ஆனால் படகு வந்த நாளையும் வராத நாளையும் பிரித்துப் பார்க்காத எண்ணிக்கையால் பெரிதாக உபயோகமில்லை.

பறவை பார்க்கிறவர்கள் தாங்கள் கண்டதைப் பதியும் ஈபேர்ட் (eBird) செயலியில் பட்டியலைப் பதிந்தால் அது எல்லாருக்கும் பயன்படும். ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். புதியவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள், அனுபவமுள்ளவர் பக்கத்தில் ஒரு காலை நேரம் நின்றால் கற்றுக்கொள்வது அதிகம்.

காலில் வளையம் மாட்டிய பறவையைப் பார்த்தால் எந்தக் கால், என்ன நிறம், என்ன எழுத்து எண் என்று குறித்து, முடிந்தால் படம் எடுத்து, மும்பையில் இருக்கும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள். நம் நாட்டில் பறவைகளுக்கு வளையம் மாட்டும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறவர்கள் அவர்கள்தான்.

செய்யக் கூடாதவை

தீனி போடாதீர்கள். மும்பையிலும் டெல்லி யமுனைக் கரையிலும் மிக்சரும் காராசேவும் வீசிக் கடற்காகங்களைக் கூட்டுகிற பழக்கம் இருக்கிறது, அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கேயும் பொட்டலத்தோடு வருகிறார்கள். மீனும் இறாலும் கொட்டிக் கிடக்கிற ஊரில் அதற்குக் காராசேவு எதற்கு.

கூட்டத்தைக் கலைத்துப் பறக்கவிட்டுப் படம் எடுக்க வேண்டாம், குறிப்பாகச் சின்னப் பிள்ளைகளை ஓடவிட்டு. ட்ரோன் வேண்டவே வேண்டாம்: சரணாலயம் ஒரு பக்கம், ராக்கெட் தளம் ஒரு பக்கம், மாட்டினால் பதில் சொல்லி மாளாது. கோடையை ஒட்டி வருகிறவர்கள் முகத்துவாரத்துக் காய்ந்த மணலில் நடக்காமல் ஈர மணலிலேயே நடங்கள், சின்ன ஆலா அந்த வெறும் மணலில்தான் முட்டையிடும், முட்டையும் மணலும் ஒரே நிறம்.

படகில் ஏறிப் பார்க்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரிப்பகுதியில் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கரையிலேயே யாராவது "வாங்க சார், கூட்டிட்டுப் போறேன்" என்று கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். ஆந்திரப் பக்கம் அனுமதியோடு படகு விடுகிற இடத்தில் போவதானால் உயிர்காப்பு அங்கி தந்தால் மட்டும் ஏறுங்கள், தந்ததை மடியில் வைத்துக்கொள்ளாமல் மாட்டிக்கொள்ளுங்கள். உண்மையைச் சொன்னால், கடற்காகத்துக்குப் படகே தேவையில்லை, அதுதான் படகைத் தேடிக் கரைக்கு வருகிறதே.

கடைசியாக, செத்த பறவை. ஒன்றிரண்டு செத்துக் கிடப்பது இயல்பு, ஆனாலும் கையால் தொடாதீர்கள். 2005-இல் சீனாவின் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சல் பரவியபோது ஆயிரக்கணக்கில் நீர்ப்பறவைகள் செத்தன, அதில் வரித்தலை வாத்தோடு இந்தப் பழுப்புத்தலைக் கடற்காகமும் இருந்தது. ஒரே இடத்தில் பல பறவைகள் செத்துக் கிடந்தாலோ, தலையைத் தூக்க முடியாமல் தள்ளாடினாலோ, தூரத்திலிருந்து படம் எடுத்து இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்கோ கால்நடை மருத்துவமனைக்கோ உடனே சொல்லுங்கள். வீட்டில் கோழி வளர்க்கிறவரானால் அன்று போட்டிருந்த செருப்பைக் கழுவிவிட்டுக் கோழிக்கூண்டுப் பக்கம் போங்கள்.